பாய்லர் லேகிங் வேலையும் கல்நார் தூசியும்: இழப்பீட்டை எப்படிக் கேட்பது?

கேள்வி: அப்பா காண்ட்ராக்டரிடம் லேகிங் வேலை (சூடு வெளியேறாமல் பாய்லர், குழாய்களைச் சுற்றி உறை கட்டுவது) பார்த்தவர். முதலில் ஓர் அனல் மின் நிலையம், பிறகு இரண்டு ரசாயன ஆலைகள், எல்லாம் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல். 2019-இல் நின்றுவிட்டார். இப்போது வயது 55. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பும், நுரையீரல் உறையில் சுண்ணாம்பு படிந்த திட்டுகளும் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டால் “எங்களிடம் ஆஸ்பெஸ்டாஸே கிடையாது” என்கிறார்கள். இழப்பீடு கேட்க முடியுமா? எங்கே போவது?

பதில்:

கேட்க முடியும். கம்பெனி சொல்லும் அந்த ஒரு வரியைத்தான் கடைசிவரை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கிடையாது” என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் குழாயைச் சுற்றியிருக்கும் பஞ்சை மட்டும்தான். அது ராக்வூலாகவோ கண்ணாடிப் பஞ்சாகவோ மாறியிருக்கலாம். ஆனால் சூடு தாங்கும் பொருள் பஞ்சோடு முடிவதில்லை. பாய்லர் மேன்ஹோல் கதவிலும் ஃபர்னஸ் கதவிலும் வைக்கும் கல்நார்க் கயிறு, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சு வளையங்களுக்கு நடுவே வெட்டி வைக்கும் கேஸ்கெட் ஷீட், வால்விலும் பம்பிலும் கசிவைத் தடுக்கத் திணிக்கும் கிளாண்ட் பேக்கிங், இரும்பு ஓட்டுக்கும் தீச்செங்கல்லுக்கும் இடையே வைக்கும் மில்போர்டு அட்டை, டக்ட் இணைப்புகளில் கட்டும் துணி, வெல்டர் கீழே விரிக்கும் போர்வை, சூடான பொருளைப் பிடிக்கும் கையுறை, இவை அத்தனையும் கல்நாரில் வந்தவை. பஞ்சை மாற்றிய பிறகும் ஸ்டோரில் கேஸ்கெட் ஷீட்டும் கயிறும் பழையபடியே வாங்கப்பட்ட ஆலைகள் உண்டு. பழைய யூனிட்டில் அலுமினியத் தகட்டை உரித்தால் உள்ளே இருப்பது கட்டும்போது வைத்த சரக்கு. மக்னீசியா 85 சதவீதமும் கல்நார் 15 சதவீதமும் கலந்த வெள்ளைக் கட்டிகள் ஒரு காலத்தில் நீராவிக் குழாய்களுக்கு உலகம் முழுக்க வழக்கமான லேகிங்காக இருந்தன. புதிதாகக் கட்டுபவரைவிடப் பழையதை உடைத்து எடுப்பவருக்குத்தான் தூசி அதிகம். பல வருடம் சூட்டில் கிடந்த கட்டி, சுத்தியல் பட்டதும் மாவாகக் கொட்டும்.

கேஸ்கெட்டும் அப்படித்தான். புது ஷீட்டில் நார் ரப்பரோடு இறுகப் பிணைந்திருக்கும், அதைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் பறக்காது. ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது நிலைமை வேறு. ரப்பர் கருகிப்போய், ஷீட் இரண்டு முகத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்கள், போகாத மிச்சத்துக்குக் கிரைண்டரில் ஒயர் பிரஷ் மாட்டித் தேய்ப்பார்கள், கடைசியில் கம்ப்ரெஸர் ஏர் அடித்து முகத்தைச் சுத்தம் செய்வார்கள். அந்த ஏர் அடிக்கும் நேரம்தான் மோசமானது. ஃபிட்டர், ஹெல்பர், பக்கத்தில் வெல்டிங் பார்ப்பவர் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறார்கள். லேகிங் வேலையே பார்க்காத எலக்ட்ரீஷியனுக்கு இந்த நோய் வருவதற்கும் இப்படிப்பட்ட வேலைதான் காரணம்.

இன்னொரு வாதமும் வரும்: “அந்தச் சூட்டில் கல்நார் தன் அமைப்பையே இழந்துவிடும், ஆபத்தில்லை” என்பார்கள். பாதி உண்மை. வெள்ளைக் கல்நார் ஏறத்தாழ 600 முதல் 800 டிகிரி செல்சியஸில் நீர்ச்சத்தை இழந்து வேறு கனிமமாக மாறும். ஆனால் லேகிங்கின் முழுக் கனமும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. வெளிப்பக்கம் கை வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தானே லேகிங் போடுகிறார்கள்? சாதாரண நீராவிக் குழாயில் உட்பக்கம்கூட அந்த அளவைத் தொடாது.

இனி ஆதாரம். ஆஸ்பத்திரி ஃபைல் தடிமனாக இருந்தும் வேலைக்கான ஆதாரம் இரண்டு தாளில் முடிந்துவிடுவதால்தான் இவ்வகை மனுக்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. அப்பாவுக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே அவரை உட்கார வைத்து வருடவாரியாக எழுதுங்கள்: எந்த ஆலை, எந்த யூனிட், எந்தக் காண்ட்ராக்டர், என்ன வேலை, ஷட்டவுன் (பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்துவது) எத்தனை நாள், உடைக்கும் வேலையா கட்டும் வேலையா, தண்ணீர் தெளித்தார்களா, முகத்துக்கு என்ன கொடுத்தார்கள், கூட யார் இருந்தார்கள். “லேகிங் வேலை” என்று பொதுவாக எழுதினால் போதாது. “டர்பைன் மேல் உறையைத் திறக்கும்போது பழைய லேகிங்கைக் கையால் பிய்த்துச் சாக்கில் கட்டினோம்” என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரிடம் இதே விவரத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். ஒரே வாசகத்தை மூன்று பேர் பெயரில் டைப் அடித்தால் குறுக்கு விசாரணையில் நிற்காது. அவரவர் பார்த்ததை அவரவர் சொல்லட்டும்.

வேலை பார்த்ததற்கான காகிதத்தில் பி.எஃப். கணக்கு முக்கியமானது, ஏனென்றால் ஒவ்வொரு காண்ட்ராக்டர் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் இருக்கும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, கேட் பாஸ், வொர்க் பெர்மிட் நகல், சம்பளச் சீட்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, ஏன், பண்டிகைக்குக் கொடுத்த போனஸ் ரசீதுகூடப் பயன்படும். காண்ட்ராக்டர் காணாமல் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம், அதைக் கீழே சொல்கிறேன்.

பொருள் கல்நார்தான் என்று காட்ட ஸ்டோர் கொள்முதல் பதிவுதான் சிறந்த வழி. அழுத்திச் செய்த கல்நார் கேஸ்கெட் ஷீட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2712. பர்ச்சேஸ் ஆர்டரில் “கல்நார்” என்ற சொல்லே இல்லாமல் இந்த எண் மட்டும் இருக்கலாம், அது போதும். அரசு அல்லது பொதுத்துறை ஆலை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தினீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை ஐ.எஸ். 2712 கேஸ்கெட் ஷீட், கல்நார்க் கயிறு, கிளாண்ட் பேக்கிங், மில்போர்டு ஆகியவற்றின் கொள்முதல் ஆணை நகல்கள். இன்ன யூனிட்டின் லேகிங் ஒப்பந்தத்தில் பொருள் விவரப் பக்கம். பழைய லேகிங்கை அகற்றி அப்புறப்படுத்திய பதிவு. பணியிடக் காற்றுப் பரிசோதனை அறிக்கைகள். அப்பா பெயரிலுள்ள உடல் பரிசோதனைப் பதிவு. தனியார் ஆலை என்றால் இதே சட்டத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் அந்த ஆலை சம்பந்தமாக இருப்பதைக் கேட்கலாம். மிச்சத்தை, வழக்கு தொடங்கியபின், அதை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் மூலம் தாக்கல் செய்யச் சொல்லலாம். ஆவணம் வரவழைக்கும் விஷயத்தில் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு.

உடல் பரிசோதனைப் பதிவை அழித்துவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு எளிதில் இடமில்லை. நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-இல் தந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. கல்நார்த் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ. சட்டத்திலோ இழப்பீட்டுச் சட்டத்திலோ காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. குஜராத்தில் இ.எஸ்.ஐ. பரிசோதித்த தொழிலாளர்களை ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்துக்கு மறுபரிசோதனைக்கு அனுப்பி, நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2014 ஜனவரி 31-இல் நிலக்கரி அனல் மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்த இன்னொரு வழக்கில், அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்களே இதைக் கண்காணிக்கட்டும் என்று அதே நீதிமன்றம் அனுப்பி வைத்தது. பரிசோதனைக்கே அனுப்ப மறுக்கிறார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட இந்த இரண்டும் கைகொடுக்கும்.

வீட்டில் அந்தப் பொருளின் மிச்சம் ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த கல்நார்க் கயிற்றை அடுப்படியில் பாத்திரம் இறக்கி வைக்க எடுத்து வந்தவர்கள் உண்டு. லைட்டரால் சூடு காட்டி, உருகினால் கண்ணாடி, உருகாவிட்டால் கல்நார் என்று ஒர்க் ஷாப்பில் சொல்வார்கள். கண்ணாடி நார் சுருண்டு மணியாகும் என்பது சரி. ஆனால் செராமிக் ஃபைபரும் அந்தத் தீயில் உருகாது, ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து, நன்றாக ஊறியதும் கட்டைவிரல் நுனி அளவு துண்டை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் கவரில் போட்டு, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி, போலரைஸ்டு நுண்ணோக்கிப் பரிசோதனை செய்யும் லேபுக்கு அனுப்புங்கள். ஆலைக்குள் போய் எடுத்து வரும் வேலை மட்டும் வேண்டாம். அதற்குத் தொழிற்சாலை ஆய்வாளர் இருக்கிறார்.

அடுத்து மருத்துவம். அப்பாவின் ஸ்கேன் விவரம் நீங்கள் எழுதியபடியே இருந்தால் அது வலுவானது. நுரையீரல் அடிப்பகுதியில் தழும்பு வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. உறையில், அதிலும் உதரவிதானத்தின் மேல், இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் திட்டு சேர்ந்து இருந்தால் கல்நாரைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு என்ற முடிவிலிருந்து ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் தழும்பு நோய்) என்ற முடிவுக்குத் தராசைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தத் திட்டுதான். அதனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியவை: படுத்த நிலையில் மட்டுமல்லாமல் குப்புறப் படுக்க வைத்தும் எடுத்த எச்.ஆர்.சி.டி. என்ற நுண்ணிய சி.டி. ஸ்கேன் (அடிப்பகுதியில் புவியீர்ப்பால் தெரியும் நிழலைத் தழும்பிலிருந்து பிரிக்க இது வேண்டும்), ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் டெஸ்ட், வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் டி.எல்.சி.ஓ., ஆறு நிமிட நடைச் சோதனை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி படிக்கப்பட்ட மார்பு எக்ஸ்ரே. ஸ்பைரோமெட்ரி ஓரளவு சரியாக இருந்தும் டி.எல்.சி.ஓ. குறைந்திருப்பது ஆரம்ப நிலையில் சாதாரணம். “ஊதும் டெஸ்ட் நார்மல், ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பினால் டி.எல்.சி.ஓ.வைக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் எழுதும் கடிதத்தில் வேலை வரலாறு வர வேண்டும். “ஐ.எல்.டி.” என்று மட்டும் எழுதியிருந்தால் அது பலவகை நுரையீரல் தழும்பு நோய்களுக்கான வெறும் பொதுப்பெயர், இழப்பீட்டுச் சட்டத்தின் நோய் அட்டவணையில் அது கிடையாது. “இத்தனை வருடம் கல்நார் லேகிங் வேலை, எச்.ஆர்.சி.டி.யில் இன்னின்ன மாற்றம், ஆகவே ஆஸ்பெஸ்டோசிஸ்” என்று இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய வருடவாரிப் பட்டியலின் நகலை டாக்டர் கையில் கொடுத்தால் அவருக்கும் எளிது. தொழிலக மருத்துவரோ வெளி மருத்துவரோ, ஆஸ்பெஸ்டோசிஸ் கண்டறிந்தவர் அதைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு; அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை உண்டு. பல டாக்டர்களுக்கு இது நினைவிருக்காது. மரியாதையாக நினைவூட்டுங்கள், அந்த அறிவிப்பின் நகல் நாளை நல்ல ஆவணம்.

புகை பிடித்தவரா என்று கட்டாயம் கேட்பார்கள். ஆஸ்பெஸ்டோசிஸுக்கோ மீசோதீலியோமா என்ற உறைப் புற்றுக்கோ பீடி சிகரெட் காரணமல்ல. நுரையீரல் புற்றுநோயில்தான் இரண்டும் சேர்ந்து ஆபத்தைப் பல மடங்காக்கும். அங்கும் புகைப்பழக்கம் முதலாளியின் பொறுப்பை அழித்துவிடாது. மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பழைய கேஸ் ஷீட்டில் எப்படியும் எழுதியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இனி எப்போதாவது அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்தால், நம் ஊரில் முதலில் நினைப்பது காசநோயைத்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கல்நார் வேலை பார்த்தவருக்கு உறைத் திசுவை எடுத்துப் பார்க்காமல் ஆறு மாதம் மாத்திரையில் ஓட்டிவிடக் கூடாது. மீசோதீலியோமா, தூசி பட்டு 20 முதல் 50 வருடம் கழித்துக்கூட வரும். வெறும் நீர்ப் பரிசோதனையில் அது நழுவிவிடும். தோரகோஸ்கோப்பி (நெஞ்சுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து திசு எடுத்து, கால்ரெட்டினின் போன்ற சாயப் பரிசோதனைகள் செய்துதான் உறுதி சொல்வார்கள். அந்தத் திசுவின் மெழுகுக் கட்டியை லேபில் பத்திரமாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிறகு யாராவது நோயின் பெயரை மறுத்தால் மறுபடி பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

இப்போது சட்டம். இரண்டு பாதைகள், ஒன்றில் போனால் மற்றொன்று மூடும். நோய்க்குக் காரணமான வேலையில் அப்பா இ.எஸ்.ஐ. காப்பீட்டாளராக இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. சட்டம். இல்லையென்றால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு, காப்பீட்டாளர் அதே பாதிப்புக்கு முதலாளியிடம் வேறு சட்டத்தில் இழப்பீடு வாங்குவதைத் தடுக்கிறது. எந்தப் பாதை என்று தெரியாமல் தவறான இடத்தில் வழக்குப் போட்டு, நான்கைந்து வருடம் கழித்து “இ.எஸ்.ஐ.க்குப் போ” என்று தள்ளுபடி ஆவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, எழுத்தில் பதில் கேளுங்கள். “அந்தக் காலத்தில் இவர் காப்பீட்டாளர் இல்லை” என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையே இணைத்து இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். அப்பாவைப் போல மூன்று இடங்களில் வேலை பார்த்து, சில வருடம் இ.எஸ்.ஐ. பிடித்தும் சில வருடம் பிடிக்காமலும் இருந்தவர்களுக்கு இந்தக் கடிதம் ரொம்ப அவசியம்.

2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களின் இடத்துக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. பழைய சட்டத்தில் ஏற்கெனவே உண்டான உரிமை, சட்டம் மாறியதால் போய்விடுவதில்லை என்பது பொது விதி. நோய் அந்தத் தேதிக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தால் மனுவில் பழைய சட்டப் பிரிவையும் புதிய சட்டத்தையும் சேர்த்தே குறிப்பிடச் சொல்லுங்கள். கீழே வரும் பிரிவு எண்கள், இ.எஸ்.ஐ. என்று குறிப்பிட்ட இடம் தவிர, பழைய 1923 சட்டத்தினுடையவை.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் ‘சி’ பகுதியிலும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் ‘பி’ பகுதியிலும் இருக்கின்றன. வேறுபாடு முக்கியமானது. ‘பி’ பகுதி நோய்க்கு அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் போதும். ‘சி’ பகுதி நோய்க்கு மத்திய அரசு குறிப்பிட்ட காலம் இருந்திருக்க வேண்டும்; ஆனால் பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால் ஆணையர் எல்லோரிடமும் விகிதப்படி பிரித்து வாங்கிக் கொடுக்கலாம், 3(2ஏ) பிரிவு. அதனால் மூன்று ஆலைகளையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். “எங்களிடம் கொஞ்ச காலம்தான்” என்று ஒவ்வொருவரும் கைகாட்டும் விளையாட்டு இதில் செல்லாது. காண்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் 12-ஆம் பிரிவுப்படி மூல முதலாளி, அதாவது ஆலை, கொடுத்தாக வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. முதலாளி தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மாஸ்க் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்ற பேச்சும் தொழில்நோயில் எடுபடாது.

அப்பா வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டனவே என்பதுதான் எதிர்த்தரப்பு பிடிக்கும் அடுத்த நுனி. வேலையை விட்டபின் ‘பி’ அல்லது ‘சி’ பகுதி நோய் வந்து, அது அந்த வேலையால் வந்தது என்று நிரூபித்தால் அதுவும் வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும் என்று 3(2) பிரிவு சொல்கிறது. வேலையில் இருக்கும்போது வந்தால் சட்டமே உங்களுக்குச் சாதகமாக ஊகிக்கும். விட்டபின் வந்தால் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நான் ஆதாரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் அதுதான்.

காலக்கெடு இரண்டு வருடம், 10-ஆம் பிரிவு. வேலையை விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி வந்தால், அது முதலில் கண்டறியப்பட்ட நாளை விபத்து நாளாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. ஆகவே நோயின் பெயர் எழுத்தில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு வைத்து, தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் கூடவே போட்டுவிடுவது பாதுகாப்பு. நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்பதும், இதுவரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பதும் போதிய காரணங்கள். அதற்காகவே பழைய ஓ.பி. சீட்டுகளை வரிசையாக வையுங்கள். முதலாளிக்கு எழுத்து மூல அறிவிப்பை இந்த வாரமே, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். இறந்துவிட்டால் 50 சதவீதம். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000. ஐம்பத்தைந்து வயதுக்குக் காரணி 135.56. சம்பளம் 12,000 என்று வைத்தால், 7,200 × 135.56 = 9,76,032 ரூபாய். உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் பாதி போனது என்று முடிவானால் 4,88,016. இழப்பீடு சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். வட்டியையும் அபராதத்தையும் மனுவிலேயே கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் சதவீதம். மருத்துவக் குழு “30 சதவீத ஊனம்” என்று எழுதினால் இழப்பீடும் 30 சதவீதம்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். நுரையீரல் எவ்வளவு கெட்டது என்பது ஒன்று. அவர் செய்த வேலையை இனி செய்ய முடியுமா என்பது வேறு. இடது கையை இழந்த தச்சருக்கு, தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஏற்றது. சாரத்தில் ஏறி, கட்டி தூக்கி, சூட்டில் நிற்க வேண்டிய லேகிங் ஆளுக்கு இதையே சொல்லலாம். ஆனால் டாக்டர் சாட்சியத்தில் வர வேண்டும்: “இவரால் ஏற முடியாது, பாரம் தூக்க முடியாது, தூசியில் நிற்கவே கூடாது.” ஆறு நிமிட நடைச் சோதனையின் தாள் அங்கேதான் பேசும்.

இ.எஸ்.ஐ. பாதையில் மொத்தத் தொகை இல்லை. ஆயுள் முழுக்க மாதாமாதம். சராசரி தினச் சம்பளத்தின் 90 சதவீதம், அதில் இழந்த திறனின் சதவீதம். தினம் 400 ரூபாய், பாதித் திறன் இழப்பு என்றால் 400-இல் 90 சதவீதம் 360, அதில் பாதி 180. மாதம் ஏறத்தாழ 5,400. காண்ட்ராக்டர் சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தால், இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துவிட்டு மூல முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவு. மருத்துவக் குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அல்லது நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம்.

ஆணையரிடம் போவது சுலபம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையர் அந்தப் பொறுப்பில் இருப்பார். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே போடலாம், ஆலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவச் சாட்சி, குறுக்கு விசாரணை என்று நடைமுறையில் இழுக்கும். மேல்முறையீட்டுக்கு முதலாளி போனால், தீர்ப்பான தொகையைக் கட்டிவிட்டுத்தான் உயர் நீதிமன்றத்தில் நுழைய முடியும்.

நடுவில் யாராவது வீட்டுக்கு வந்து, ஐம்பதாயிரம் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆணையரிடம் பதிவு செய்யாத சமரசம் உரிமையைப் பறிக்காது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தமே செல்லாது, 17-ஆம் பிரிவு. வேலையை விடும்போது போட்ட “ஃபுல் அண்ட் ஃபைனல்” கையெழுத்துக்கும் இதே கதிதான். ஆனாலும் போடாமலிருப்பதே நல்லது, அதை உடைக்க ஒரு வருடம் போகும்.

இணையத்தில் தேடினால் கோடிக்கணக்கில் வாங்கித் தருவதாக அமெரிக்க வக்கீல் விளம்பரங்கள் வரும். அங்கே தீச்செங்கல், லேகிங் செய்த கம்பெனிகள் திவாலாகி, நீதிமன்றம் அவற்றின் சொத்திலிருந்து இழப்பீட்டு அறக்கட்டளைகளை அமைத்தது. அந்தப் பணம் அந்தக் கம்பெனிகளின் பொருளால் பாதிக்கப்பட்டவருக்கு. இங்கே உள்ளூர் ஆலையில் உள்ளூர்ச் சரக்கைக் கையாண்டவருக்கு அது பொருந்தாது. ஃபீஸ் என்று யாரும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் வேலைச் சட்டையை இருபது வருடம் உதறித் துவைத்தது யார்? அம்மா என்றால் அவருக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து, டாக்டரிடம் காரணத்தைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் பணியாளர் அல்ல என்பதால் மேலே சொன்ன இரண்டு பாதையும் அவருக்கு இல்லை. சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்கு மட்டும்தான் வழி, அதில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அப்பாவின் வழக்கில் திரட்டும் கொள்முதல் ஆணைகளும் காற்றுப் பரிசோதனைத் தாள்களும் அதற்கும் தேவைப்படும் என்பதால், வாங்கும் ஒவ்வொரு நகலிலும் சான்றளிக்கப்பட்ட பிரதி இரண்டாகக் கேட்டு வாங்குங்கள்.